தேநீர் மேசையும் விடையில்லா விடுகதையும்

விடுகதை போடுபவர் ஒரு கடப்பாட்டை ஏற்றுக்கொண்டே வாய் திறக்கின்றார். கேட்போர் எவ்வளவு நேரம் திகைத்து நின்றாலும், இறுதியில் தோல்வியை ஒப்புக்கொண்டாலும், வினவியவரிடத்தில் விடை ஒன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கடப்பாடு. விடுகதை, நொடி, அழிப்பாங்கதை என இடத்துக்கு இடம் பெயர் வேறுபடினும் இவ்விதி வேறுபடுவதில்லை. யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் அட்டன் தோட்டத்து லயத்து வாசலிலும் விடை அறியாது வினவியவன் சிறுவர் அவையிலேயே எள்ளப்படுவான். தொல்காப்பியர் பிசியைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக எண்ணி, உவமையோடு பொருந்தி வருவது, தோன்றுவதைச் சொல்லித் துணிய வைப்பது என அதனை இருவகைப்படுத்தினார். இருவகையிலும் மறைந்து நிற்கும் பொருள் ஒன்று உண்டு. மறைப்பது விடுகதையின் தொழில். இறுதியில் வெளிப்படுத்துவது அதன் அறம்.

இவ்வறத்தை வெளிப்படையாக மீறிய விடுகதை ஒன்று உலகச் சிறுவர் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. லூயிஸ் கரோல் எழுதிய ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்னும் கதையில், தேநீர் விருந்தொன்றில், பித்துப்பிடித்த தொப்பிக்காரன் ஆலிஸ் என்னும் சிறுமியை நோக்கி, அண்டங்காக்கை எழுதுமேசையை ஒத்திருப்பது எதனால் என்று வினவுகின்றான். சிறுமி சிந்தித்துச் சிந்தித்துத் தோற்றபின், தனக்கும் விடை தெரியாதென்று சிறிதும் நாணமின்றிக் கூறிவிடுகின்றான். நூல் வெளிவந்த 1865 ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, அவன் சொல்லாத விடையைத் தேடுவோர் ஓய்ந்திலர். அவர்கள் தேடிய விடைகளின் தகுதியையும், அத்தேடலில் கவனிக்கப்படாது போன மற்றொரு வினாவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடிய விடைகள்

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். சார்ல்ஸ் லட்விஜ் டொட்ஜ்சன் என்ற இயற்பெயருடைய அவர் ஒக்ஸ்போட் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1862 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள் படகுப் பயணமொன்றில் சிறுமியர் மூவருக்குச் சொன்ன கதையே பின்னர் நூலாயிற்று. அவர் கையால் எழுதி 1864 இல் ஆலிஸ் லிடெல் என்ற சிறுமிக்குப் பரிசளித்த முதற்படியில் தேநீர் விருந்து இடம்பெறவில்லை. அச்சு நூலுக்காகக் கதையை விரித்தபோதே அது சேர்க்கப்பட்டது. எனவே, அவ்வதிகாரம் படகில் வாய்போன போக்கிற் பிறந்த விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. எழுதுமேசையில் இருந்து அமைத்துச் சேர்த்த பகுதி அது.

வாசகர் பலர் விடை கேட்டுத் தொடர்ந்து எழுதியமையால், 1896 ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையொன்றில் கரோல் தாமே ஒரு விடை தந்தார். ஆங்கிலத்தில் ‘நோட்’ என்னும் சொல் இசையொலியையும் எழுத்துக் குறிப்பையும் குறிக்கும். ‘பிளாட்’ என்னும் சொல் தட்டையானது என்றும் சுருதி தாழ்ந்தது என்றும் பொருள்படும். காக்கையும் எழுதுமேசையும் இத்தகைய ‘நோட்’டுகளைத் தரவல்லவை என்பது அவ்விடையின் முற்பகுதி. இரண்டும் ஒருபோதும் முன்பின்னாக மாற்றி வைக்கப்படுவதில்லை என்பது பிற்பகுதி. இதில் ‘ஒருபோதும்’ எனப் பொருள்படும் ‘நெவர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தை அவர் வேண்டுமென்றே மாற்றியிருந்தார். மாற்றிய வடிவத்தைப் பின்னிருந்து படித்தால் ‘ரேவன்’, அதாவது அண்டங்காக்கை, என்று வரும். அதனை எழுத்துப்பிழை என்று கருதிய எவரோ அடுத்த அச்சிற் திருத்திவிட, விடையின் நயம் பாதி அழிந்தது. கரோல் 1898 ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். திருத்தத்தால் இழந்த நயத்தை டெனிஸ் குரச் என்பவர் 1976 இல் கண்டு வெளிப்படுத்தினார். விடையில்லா வினாவுக்கு அரிதின் வந்த விடையையும் பிழைதிருத்துவோர் உண்டுவிட்டமை, அந்நூலிலேயே இடம்பெறத்தக்க வேடிக்கை எனலாம்.

பிறரும் முயன்றனர். அமெரிக்கப் புதிர்க்கலைஞர் சாம் லொயிட், எட்கார் அலன் போ இரண்டின்மீதும் எழுதினார் என்று விடை பகர்ந்தார். அண்டங்காக்கையைப் பொருளாகக்கொண்டு போ பாடிய நெடுங்கவிதை 1845 இல் வெளிவந்தது. அவர் எழுதியது மேசையின்மீது. ‘மீது’ என்ற ஒரு சொல்லின் இருபொருளே இவ்விடையின் உயிர். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1928 இல் வேறொரு வழி சென்றார். வினாவைப்போலவே பொருளற்ற விடையொன்றை வேண்டுமென்றே கூறிவிட்டு, கடவுள் உண்டா, மனிதனுக்குத் தன்விருப்பு உண்டா என்பன போன்ற பெருவினாக்களும் தொப்பிக்காரனின் விடுகதை போன்றவையே என்று அவர் வாதிட்டார்.

தமிழ் வாசகருக்கு இத்தகைய விடைகள் வியப்பளிப்பதற்கில்லை. ஒவ்வாத இரு பொருளை ஒரே சொற்றொடரால் ஒப்பிட்டுக் காட்டுவது இரட்டுற மொழிதல். பாம்பையும் எள்ளையும், பாம்பையும் வாழைப்பழத்தையும், யானையையும் வைக்கோலையும் காளமேகப் புலவர் வெண்பாவுள் ஒன்றாக்கிக் காட்டினார். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் வினாவுத்தரம் என ஒன்றும் உண்டு. காளமேகத்திடம் அண்டங்காக்கையையும் எழுதுமேசையையும் கொடுத்திருந்தால், அவரும் ஒரு நொடியிற் பாடி முடித்திருப்பார். மொழி எதுவாயினும் சொற்கள் பல பொருள் தாங்குவதால், எவ்விரு பொருளுக்கும் எங்கேனும் ஓர் ஒப்புமை கிடைத்தே தீரும்.

இம்முயற்சிகளின் குறையும் அதுவே. எதற்கும் பொருந்தவல்ல உத்தி, இதற்கு ஏன் பொருந்துகிறது என்று விளக்க வல்லதன்று. தம் விடை பின்னர் எண்ணியது என்றும், இயற்றியபோது அவ்விடுகதைக்கு விடையே இல்லை என்றும் கரோல் அதே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ஆகவே மறைந்து கிடக்கும் விடையொன்றை அகழ்ந்தெடுக்கும் வேலை முடிந்துவிட்டது. முடியாத வேலை வேறொன்று உண்டு. கணக்காசிரியர், தர்க்கநூல்கள் எழுதியவர், வினாவின் விதியை நன்கு அறிந்தவர், விடையில்லா வினாவை அந்த மேசையில், அந்த வேளையில், அந்தப் பாத்திரத்தின் வாயில் ஏன் வைத்தார்? இவ்வினாவுக்கான விடை நூலுக்குள்ளேயே தேடத்தக்கது.

வினா எழுந்த இடம்

விடுகதை தோன்றும் சூழலை முறையாக நோக்குவது நன்று. மேசை மிகப் பெரியது, அமர்ந்திருப்போர் மூவர். தொப்பிக்காரன், மார்ச் முயல், உறங்கிக்கொண்டேயிருக்கும் தூங்கெலி ஆகிய மூவரும் ஒரு மூலையில் நெருக்கியடித்து இருக்கின்றனர். ஆலிஸ் வரக்கண்டதும் இடமில்லை என்று கூவுகின்றனர். இடம் ஏராளமாக உண்டென்று சினந்து சொல்லி, அவள் மேசையின் ஒரு முனையிலிருந்த பெரிய நாற்காலியில் அமர்கின்றாள். மார்ச் முயல் இல்லாத மதுவை அருந்துமாறு உபசரிக்கின்றது. தொப்பிக்காரன் அவளை உற்றுநோக்கி, அவளுடைய தலைமயிர் வெட்டவேண்டிய நிலையில் இருக்கிறது என்கிறான். பிறரைப்பற்றி அவ்வாறு பேசுவது பண்பன்று என்று சிறுமி கண்டிக்கின்றாள்.

விடுகதை பிறப்பது இந்தக் கணத்தில். கண்டனத்தைக் கேட்ட தொப்பிக்காரன் கண்களை அகல விரிக்கின்றான். மன்னிப்பும் கேட்பதில்லை, மறுப்பும் கூறுவதில்லை. அண்டங்காக்கையையும் எழுதுமேசையையும் தூக்கி அவள்முன் போடுகின்றான். நியாயமான கண்டனம் ஒன்று அங்கே விடையிறுக்கப்படாமல் மறைந்துபோகின்றது. விடுகதை என்றதும் சிறுமியும் மகிழ்ந்து, கண்டனத்தை மறந்து, சிந்திக்கத் தொடங்கிவிடுகின்றாள். விருந்தினளை இடமில்லை என்று விரட்ட முயன்றவர்கள், இல்லாத மதுவை நீட்டியவர்கள், இப்போது இல்லாத விடையைத் தேட விடுகின்றனர். மூன்றும் ஒரே இனத்துச் செயல்கள். இல்லாததைக் காட்டி, உள்ளதைக் காணவிடாது செய்தலே அம்மேசையின் வழக்கம்.

இவ்வாறு நோக்கின், விடுகதைக்கு விடை இல்லாமை ஆசிரியரின் மறதியால் நேர்ந்ததன்று எனத் தெளியலாம். அதற்கு விடை இருந்திருப்பின் அது உண்மையான வினாவாகியிருக்கும், திரையாகப் பயன்பட்டிராது.

மற்றொரு வினா

அதே மேசையில் எழுந்த மற்றொரு வினாவை வாசகர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அதனை வினவியவள் ஆலிஸ்.

விடையில்லா விடுகதைகளால் நேரத்தை வீணாக்குவதை அவள் குறைகூறியபோது, தொப்பிக்காரன் காலத்தை ஓர் ஆளாகவே உருவகித்துப் பேசுகின்றான். கடந்த மார்ச்சில், இராணி நடத்திய இசையரங்கில் தான் பாடியபோது, இவன் காலத்தைக் கொலைசெய்கின்றான் என்று இராணி கூவினாள். அன்றுமுதல் காலம் தன்னோடு பிணங்கிவிட்டது. எப்பொழுதும் மாலை ஆறு மணியே நிற்கின்றது என்பது அவன் முறையீடு. ஆறு மணி தேநீர் வேளை. எப்பொழுதும் தேநீர் வேளையே ஆதலால் கோப்பைகளைக் கழுவ நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, ஓர் இடத்துக் கோப்பை அழுக்கானதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகின்றனர். மூவருக்கு அத்துணைக் கோப்பைகள் பரப்பப்பட்டதன் காரணம் இதுவே.

இதனைக் கேட்ட ஆலிஸ், சுற்றிச் சுற்றி மீண்டும் தொடக்கத்துக்கு வரும்போது என்ன செய்வீர்கள் என்று வினவுகின்றாள். எழுந்த வினாக்களுள் மிகவும் கூரியது இது. இதற்கு விடையும் உண்டு. தொடக்கத்தில் இருப்பவை அவர்களே அழுக்காக்கிய கோப்பைகள். ஒன்றில் அவற்றைக் கழுவவேண்டும். அன்றேல் அழுக்குக் கோப்பையில் அருந்தவேண்டும். விடை எளிது, சொல்லத்தான் எவருக்கும் மனமில்லை. மார்ச் முயல் கொட்டாவி விட்டவாறு, பேச்சை மாற்றுவோம் என்கிறது. சிறுமியே ஒரு கதை சொல்லவேண்டும் என்று தீர்மானமாகின்றது. வினா அங்கேயே புதைகின்றது.

விடையில்லாத விடுகதையை வினவி, விடையுள்ள வினாவை ஒதுக்கும் மேசை அது. ஒன்றன் பொருள் மற்றொன்றாலேயே விளங்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலரும் தொப்பிக்காரன் எறிந்த விடுகதையைத் துரத்திச் சென்றனர். ஆலிஸ் வினவியதை அத்துணை ஊக்கத்தோடு துரத்தியோர் அரியர். சிறுமியை ஏமாற்றிய திரை, சான்றோரையும் ஏமாற்றியது.

சற்றுப் பின்னர் அந்த நகர்தலைக் கரோல் கண்முன் நடத்திக் காட்டுகின்றார். தனக்குத் தூய கோப்பை வேண்டும் என்று தொப்பிக்காரன் ஓரிடம் நகர்கின்றான். அவன் இடத்துக்குத் தூங்கெலியும், அதன் இடத்துக்கு மார்ச் முயலும், முயலின் இடத்துக்கு ஆலிஸும் வருகின்றனர். நன்மை பெற்றவன் தொப்பிக்காரன் ஒருவனே என்று ஆசிரியர் தாமே குறிக்கின்றார். ஆலிஸின் நிலை முன்னையினும் இழிந்தது. மார்ச் முயல் பாற்குவளையைக் கவிழ்த்திருந்த தட்டு அவள் பங்காக வந்தது. அனைவரும் நகர்கின்றனர், ஒருவனுக்கே தூய கோப்பை. கடைசியில் வந்தவளுக்குப் பிறர் சிந்தியது. ஆலிஸ் வினவிய வினாவுக்குச் சொல்லால் மறுக்கப்பட்ட விடையின் ஒரு பகுதி இங்கே செயலால் வெளிப்பட்டுவிடுகின்றது.

இக்கருத்துக்கு நூலின் இறுதிப்பகுதியிலும் சான்று உண்டு. வழக்கு மன்றத்தில் தொப்பிக்காரன் கையிற் கோப்பையோடு சாட்சியாக நிற்கின்றான். தேநீர் அருந்தத் தொடங்கியது எப்போது என்று அரசன் வினவ, அவன் மார்ச் பதினான்கு என்கிறான். முயல் பதினைந்து என்கிறது. தூங்கெலி பதினாறு என்கிறது. சான்றாயர் மூன்று தேதிகளையும் கூட்டிக் காசுக்கணக்காக மாற்றி எழுதிக்கொள்கின்றனர். நடுக்கமுற்ற தொப்பிக்காரன் ரொட்டியென எண்ணிக் கோப்பையையே கடிக்கின்றான். தொடக்கம் எது என்ற வினா அவனுக்கு இரண்டாம் முறையும் அச்சந்தருகின்றது. விடுகதையால் பிறரைத் திகைக்க வைத்தவன், விடையுள்ள வினாவின்முன் நிற்கமாட்டாதவன் என்பது இங்கே ஐயமற விளங்கும்.

கோப்பையும் மலையும்

தேயிலை மலைகளிலிருந்து இந்நூலைப் படிப்பவரின் கண் விடுகதையைத் தாண்டிக் கோப்பைகளின்மீது விழுதல் இயல்பே. ஆயினும் காலக்கணக்கு ஈண்டு கவனிக்கத்தக்கது. 1865 இல் தொப்பிக்காரனின் கோப்பையில் இருந்தது இலங்கைத் தேயிலையாக இருக்க இயலாது. அக்காலத்தில் இங்கிலாந்து அருந்திய தேயிலையின் பெரும்பகுதி சீனத்திலிருந்து சென்றது. அப்போது மத்திய மலைநாட்டில் விளைந்தது கோப்பி. தமிழகத்திலிருந்து கடல்கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த மக்கள், கோப்பி பறித்து மீண்டவர்கள். நூல் வெளிவந்து இரண்டாண்டுகளின்பின், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1873 இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. தொப்பிக்காரன் வினவிய ஆண்டுக்கும், கரோல் பின்விடை எழுதிய 1896 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகளில் மலைகளின் நிறமே மாறிவிட்டது. கோப்பிக்குப் பருவமுண்டு, தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்துண்டு. வந்து மீண்டவர்கள் லயங்களில் நிலைத்து வாழலாயினர்.

கரோல் இம்மலைகளை நினைத்து எழுதினார் என்று சொல்வது பொருந்தாது. மேசையில் எவரோ பரப்பிய கோப்பைகளை எவர் கழுவுவர் என்ற வினாவை, பரப்புவோர் பக்கத்திலிருந்து படிப்போர் விரைந்து உணர்வர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. ஆலிஸின் வினாவுக்குத் தேயிலை மலையே வேறொரு விடையும் தருகின்றது. கொழுந்து பறிப்போரும் சுற்றி வருபவரே. மலையின் ஒரு பக்கத்தில் தொடங்கி நிரை நிரையாகப் பறித்துச் சென்று, ஏழெட்டு நாளில், காலநிலைக்கேற்பச் சிறிது கூடக்குறைய, மீண்டும் தொடங்கிய செடிக்கே வருகின்றனர். அங்கே புதுக்கொழுந்து தளிர்த்திருக்கும். உழைப்போர் சுற்றில், தொடக்கத்துக்கு மீளும்போது புதுமை காத்திருக்கின்றது. உழைக்காது நகர்வோர் சுற்றில், அழுக்கே காத்திருக்கின்றது. இரண்டும் வட்டங்களே, ஆயினும் தம்முள் வேறு.

வேதாளமும் தொப்பிக்காரனும்

விடையில்லா வினாவைக் கையாண்டதில் கரோல் முதல்வர் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்துள் வேதாளக் கதைகள் அடங்கியுள்ளன. விக்கிரமாதித்தன் கதையாகத் தமிழ்ச் சிறார் அவற்றை அறிவர். அம்புலிமாமா இதழில் ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் சவத்தையும் கையில் வாளையும் தாங்கி நடக்கும் அரசனின் உருவம் பல தலைமுறையினர் மனத்தில் பதிந்தது.

அங்கும் ஒரு வட்டம் உண்டு. அரசன் சவத்தைத் தூக்கி நடக்க, அதனுள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி முடிவில் வினவும். விடை தெரிந்தும் மௌனம் சாதித்தால் அரசனின் தலை சிதறும். விடை சொன்னாலோ வேதாளம் மீண்டும் மரத்திற்கு ஏறிவிடும். அவன் மீண்டும் தொடக்கத்துக்கு நடக்கவேண்டும். கடைசிக் கதையில், தந்தையும் மகனும் பாதச் சுவடுகளைக் கண்டு, பெரிய பாதத்தாளைத் தந்தையும் சிறிய பாதத்தாளை மகனும் மணப்பதாக உறுதிசெய்கின்றனர். பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது எனப் பின்னர் தெரிகின்றது. சொன்ன சொல் தவறாது மணம் நிகழ, அவ்விணைகளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது வினா. அரசனுக்கு விடை புலப்படவில்லை. அவன் மௌனமாக நடக்கின்றான். வேதாளம் மகிழ்ந்து, அவனைப் பலியிடக் காத்திருக்கும் துறவியின் சூழ்ச்சியை வெளிப்படுத்துகின்றது. வட்டம் உடைகின்றது.

இரு கதைகளையும் ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அறியாமையை ஒப்புக்கொண்ட அரசனுக்கு வேதாளம் உண்மையைச் சொல்லிற்று, உயிரையும் காத்தது. அறியாமையை ஒப்புக்கொண்ட ஆலிஸுக்குத் தொப்பிக்காரன் எதையும் தரவில்லை. தன் அறியாமையை எறிந்துவிட்டு அடுத்த பேச்சுக்குச் சென்றான். வினவுவோனுக்குக் கேட்போனின்மீது அக்கறை இருப்பின், விடையில்லா வினாவும் வழிகாட்டும். அக்கறை இல்லையெனில் அது மேசையை விட்டு எழவிடாத கயிறாகும்.

தொடக்கத்துக்கு மீளுதல்

ஆலிஸ் அந்தக் கயிற்றை அறுத்துக்கொள்கின்றாள். தொப்பிக்காரன் அவளைப் பேசாதிருக்குமாறு இழிவாகக் கூற, அவள் எழுந்து நடக்கின்றாள். அடுத்து நிகழ்வதை விருந்தோடு சேர்த்துப் படிப்போர் அரியர். மரமொன்றில் கதவிருக்கக் கண்டு நுழைகின்றாள். நுழைந்த இடம் புதியதன்று. கதையின் தொடக்கத்தில், முயல் வளையினூடாக வீழ்ந்தபின் அவள் தவித்து நின்ற அதே நீண்ட மண்டபம். அதே கண்ணாடி மேசை. முன்னர் அங்கே அவள் உருவம் சுருங்கியபோது பொற்சாவி மேசைமீது எட்டாது போயிற்று. சாவி கைக்கு எட்டும் அளவு வளர்ந்தபோதோ, சிறுவாயிலினுள் நுழைய இயலாது போயிற்று. அழுத கண்ணீர் குளமாயிற்று. இம்முறை அவள் முதலிற் சாவியை எடுக்கின்றாள், கதவைத் திறக்கின்றாள், அதன்பின்னரே காளானைச் சிறிது கடித்து உருவத்தைச் சுருக்குகின்றாள். முதல் அதிகாரம் முதல் ஏங்கிய பூந்தோட்டத்தினுள் நுழைகின்றாள்.

தொடக்கத்துக்கு மீண்டும் வரும்போது என்ன செய்வீர்கள் என்று அவள் வினவினாள். மேசையிலிருந்தோர் பேச்சை மாற்றினர். சில கணங்களில் அவளே தொடக்கத்துக்கு மீள்கின்றாள். அவ்வினாவுக்கு அவளே விடையாகின்றாள். முன்செய்த பிழையை நினைவிற்கொண்டு, செயல்களின் வரிசையை மாற்றுவதே அவ்விடை. தொப்பிக்காரன் விடுகதைக்கு விடையில்லை. ஆலிஸின் வினாவுக்கு ஆசிரியர் விடையளித்தே இருக்கின்றார். சொல்லால் அளிக்காமல் கதையின் நடையால் அளித்தமையால், விடுகதையைத் துரத்தியோர் கண்ணில் அது படவில்லை.

இதற்கு ஒரு தடை எழலாம். மரக்கதவும் மண்டபமும் கதையை முன்நகர்த்தும் உத்தியே, அவற்றில் இத்துணைப் பொருள் காண்பது மிகையன்றோ என்பது அத்தடை. முற்றாக மறுக்கத்தக்கதன்று அது. கரோல் தம் கருத்தை எங்கும் விளக்கிற்றிலர். எனினும், மண்டபத்தினுள் நுழைந்ததும் இம்முறை செம்மையாகச் செய்வேன் என்னும் கருத்தை ஆலிஸின் வாயிலேயே அவர் வைத்தார். மீளுதலையும் திருத்துதலையும் அவர் அறிந்தே இணைத்தார் என்பதற்கு இதனினும் வலிய அகச்சான்று வேண்டுவதில்லை.

இலக்கியத்தில் தெளிந்தது வாழ்வுக்கும் பொருந்துமாயின், மலையகத்தின் வரலாற்றை விலக்கி இந்நூலைப் படித்தல் அரிது. பெரிய மேசையில் இடமில்லை என்ற கூக்குரலை அம்மக்கள் 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்திற் கேட்டனர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் கணக்கை எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப்பற்றிய முடிவு பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைக்கப்பட்டது. 1974 இல் அத்தொகை இரு நாடுகளுக்கும் 75,000 வீதம் சரிபாதியாக்கப்பட்டது. நாடற்றோராக எஞ்சியவர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. விடையுள்ள வினா, பேச்சு மாற்றப்பட்டு, ஐம்பத்தைந்து ஆண்டுகள் மேசையைச் சுற்றியது. விடை அறியப்படாததாற் சுற்றியதன்று. சொல்ல மனமின்மையாற் சுற்றியது.

வகுப்பறையும் ஒரு மேசையே. விடையில்லா வினாக்கள் அங்கும் உண்டு. அவற்றை மாணவர்முன் நேர்மையாக வைத்து, தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியர் வேதாளத்தின் பணியைச் செய்கின்றார். மாணவர் வினவும் கூரிய வினாவை வேறொரு வினாவால் மூடும் ஆசிரியரோ தொப்பிக்காரனின் நாற்காலியில் இருக்கின்றார். இருக்கையில் அமர்ந்திருப்போர்க்குத் தம் இருக்கை எது என்பது எளிதிற் புலப்படாது. கோப்பை தூயதா அழுக்கா என்பதை மேசையின் கடைசியில் அமர்ந்திருக்கும் பிள்ளையே நன்கு அறியும்.

அண்டங்காக்கையையும் எழுதுமேசையையும் இணைக்கும் புதிய விடைகள் இன்னும் பல பிறக்கும். பிறக்கட்டும், அவற்றால் அறிவு விளையாடும். ஆனால் நூலைக் கையிலெடுக்கும் மாணவர், தேநீர் விருந்தின் முடிவில் நின்றுவிடாது, மரக்கதவைத் தாண்டி மண்டபம்வரை செல்வாராக. தொப்பிக்காரனின் மேசையில் கடிகாரம் ஆறு மணியிலேயே நிற்க, சாவியை முதலில் எடுக்கக் கற்றுக்கொண்ட சிறுமி தோட்டத்தினுள் சென்றுவிட்டாள்.